வினா ஆறு வகைப்படும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

ஃபெஞ்சல் புயல் (2024 நவம்பர் கடைசி) அடிச்சு ஓய்ஞ்ச அடுத்த வாரம். மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை. திண்டிவனத்துல அக்கா வீட்டுல இருந்தேன். ஸ்கூல் லீவு. கரண்ட் வர்றதும் போறதுமா இருந்துச்சு. டி.வி. இல்லை, செல்லுல சார்ஜ் இல்லை, அதனால எட்டாம் வகுப்பு படிக்கிற அக்கா பொண்ணு வேற வழியில்லாம என்கிட்ட வந்து உக்காந்தா. கையில இருந்த பேப்பரைக் குடுத்து, "சத்தமா படி பாப்பா"ன்னேன்.

வீடூர் அணை பத்தின செய்தி. தடங்கல் இல்லாம படிச்சா. முழு நீர்மட்டம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி, பாசனம் 3,200 ஏக்கர், அதுல 1,000 ஏக்கர் புதுச்சேரியில. ஒரு உச்சரிப்புப் பிழை இல்லை. எனக்குப் பெருமைதான். "சரி, படிச்சதுல இருந்து என்னை ஒரு கேள்வி கேளு" என்றேன்.

பேப்பரைத் திருப்பிப் பார்த்தா. அடுத்த பக்கமும் பார்த்தா. அப்புறம் சொன்னா, "கேள்வி எதுவும் போடலையே மாமா."

சிரிச்சுட்டேன். ஆனா ராத்திரி படுத்தப்புறம் சிரிப்பு வரலை. எட்டு வருஷமா பாடத்துக்குப் பின்னாடி அச்சடிச்ச கேள்வியை மட்டுமே பார்த்த பிள்ளை. கேள்விங்கிறது யாரோ போட்டு வைக்கிற பொருள், நாம பதில் மட்டும் எழுதணும்னு அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. தானாவே கத்துக்கிட்டா. நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன், அந்தக் கதை பின்னாடி வருது.

அன்னிக்கு ராத்திரி ஞாபகத்துக்கு வந்தது பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணம். "வினா எத்தனை வகைப்படும்? அவை யாவை?" இரண்டு மதிப்பெண். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினான்னு மூச்சு விடாம எழுதி ரெண்டு மார்க்கையும் வாங்கினவன் நான். கேள்வி கேக்கறதோட ஆறு வழிகளை, ஒரு கேள்வியும் கேக்காம மனப்பாடம் பண்ணியிருக்கேன்! அது ஒரு கூத்துன்னு புரிய முப்பது வருஷம் ஆகியிருக்கு.

விழுப்புரத்துல பழைய புத்தகம் விக்கிற இடத்துல ஆறுமுக நாவலர் காண்டிகையுரையோட ஒரு நன்னூல் வாங்கி அலமாரியில வெச்சிருந்தேன். வாங்கினதோட சரி. மறுவாரம் திண்டிவனம் - விழுப்புரம் ரயில்ல போகும்போது அதைப் பிரிச்சேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம்... ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ரெண்டு நூற்பாதான் நகர்ந்துச்சு, அதுவும் உரையைப் பிடிச்சுக்கிட்டு. ஆனா இதுக்குள்ள இவ்வளவு இருக்கும்னு நான் எதிர்பார்க்கலை.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டு சமணத் துறவி. சீயகங்கன்ங்கிற குறுநில மன்னன் கேட்டுக்கிட்டதால எழுதினார். பள்ளிக்கூடத்துல நாம படிக்கிறது எழுத்தும் சொல்லும்தான். முன்னாடி இருக்கற பொதுப்பாயிரத்தை யாரும் அவ்வளவா பேசறதில்லை. அங்கேதான் ஆசிரியர் எப்படி இருக்கணும், மாணவன் எப்படி இருக்கணும், பாடம் எப்படி சொல்லணும், எப்படி கேக்கணும்னு ஒரு முழு ஆசிரியர் பயிற்சிக் கையேடே இருக்கு.

மாணவர்களை அவர் பிரிக்கிற விதம் பிரசித்தம். அன்னமும் பசுவும் முதல் தரம், மண்ணும் கிளியும் நடுத்தரம், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை எல்லாம் கடைசி. கிளி எங்க இருக்குன்னு பாருங்க. சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ற பிள்ளைக்கு நாம நூத்துக்கு நூறு போடுவோம். பவணந்தி அதை நடு பெஞ்சுலதான் உக்கார வெச்சார். முதல் பெஞ்சு, மேய்ஞ்சு வந்து அப்புறம் ஒதுங்கிப் படுத்து அசை போடற பசுவுக்கு.

அடுத்து, நூலைப் பயில்ற முறைன்னு அவர் வரிசையா சொல்றதுல, கேட்டதைத் திரும்ப நினைச்சுப் பார்க்கிறது, ஆசிரியர்கிட்ட மறுபடி தெளிவு பண்ணிக்கிறது, கூடப் படிக்கிறவங்களோட பழகறது, இதோட கேள்வி கேக்கறதும், கேட்ட கேள்விக்கு விடை சொல்றதும் தனித்தனியா வருது. மாணவன் செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்ல அது இருக்குங்கிறதைக் கவனிக்கணும். ஆசிரியருக்கான பட்டியல் வேற.

எனக்கு ரயில்ல எழுந்து நிக்கத் தோணினது இன்னொரு இடம். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு ஒழுங்கா வாங்கிக்கிட்டாலும் கல்வியில கால் பங்குதான் வருமாம். இன்னொரு கால் பங்கு கூடப் படிக்கிறவங்களோட பேசிப் பழகறதுல வருமாம். மிச்ச பாதி? தான் இன்னொருத்தருக்கு எடுத்துச் சொல்லும்போதுதானாம்.

இந்த இடத்துல கொஞ்சம் கடல் தாண்டிப் போய்ட்டு வரேன். 1984ல அமெரிக்காவுல ஆன்மேரி பாலின்க்ஸர், ஆன் பிரவுன்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஏழாம் வகுப்புப் பிள்ளைங்க. தடங்கல் இல்லாம வாசிப்பாங்க, ஆனா படிச்சது என்னன்னு கேட்டா முழிப்பாங்க (நம்ம பாப்பா மாதிரி). அவங்களைச் சின்னக் குழுவா உக்கார வெச்சு, ஒரு பத்தி படிச்சதும் நாலு வேலை செய்யச் சொன்னாங்க. சுருக்கிச் சொல்லு, ஒரு கேள்வி கேளு, புரியாததைத் தெளிவாக்கு, அடுத்து என்ன வரும்னு ஊகி. முதல்ல ஆசிரியர் செஞ்சு காட்டுவார். அப்புறம் பிள்ளைங்களே முறை வெச்சு வாத்தியாரா மாறுவாங்க. கொஞ்ச வாரத்துலயே வித்தியாசம் நல்லாத் தெரிஞ்சுது. இன்னிக்கு உலகம் பூரா வாசிப்புப் பயிற்சியில இதைத்தான் முதல்ல சொல்வாங்க. பாலின்க்ஸர் நன்னூல் படிச்சார்னு சொல்ல வரலைங்க, அந்த ரக ஆள் நான் இல்லை :-) பிள்ளைங்களை உக்கார வெச்சு உண்மையாவே கவனிச்ச ரெண்டு பேர், எழுநூறு எண்ணூறு வருஷ இடைவெளியில ஒரே முடிவுக்கு வந்திருக்காங்க. எனக்கு அது போதும்.

உரை எழுதறதுலயும் நன்னூல் இதையே வைக்குது. காண்டிகை உரைக்கு அஞ்சு உறுப்பு. கருத்து, பதப்பொருள், உதாரணம், அப்புறம் வினா, விடை. அதாவது உரையாசிரியர் பொருளை மட்டும் சொல்லிட்டுப் போக முடியாது, வாசகன் எங்க தடுக்கி விழுவான்னு யோசிச்சு அந்தக் கேள்வியைத் தானே எழுப்பணும். பழைய உரைகள்ல "என்னை?" "எற்றுக்கு?"ன்னு அடிக்கடி வர்றது அதுதான். சேனாவரையரைப் படிச்சா ரெண்டு பேர் திண்ணையில உக்காந்து சண்டை போடற மாதிரியே இருக்கும்.

நம்ம பக்கம் இதெல்லாம் வெறும் புத்தகச் சங்கதி கிடையாது. திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரம் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையா வாழற பூமி. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல இருக்கற மேல்சித்தாமூர்லதான் அவங்க ஜினகாஞ்சி மடம் இருக்கு. நான் வேலைக்குப் போற வழியில இருக்கற விஷயம், நாப்பது வயசு வரைக்கும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. சமணர்கள் சீவக சிந்தாமணியைக் கூடி உக்காந்து பாடம் கேட்டுப் படிச்சவங்க. இந்தக் கூட்டு வாசிப்புதான் உ.வே.சா.வைக் காப்பாத்துச்சு.

அந்தக் கதை உங்கள்ல பலருக்குத் தெரியும். ஆனா "கேள்வி"ங்கிற கண்ணாடி போட்டுப் பாருங்க. 1880. உ.வே.சாமிநாதையருக்கு 25 வயசு. கும்பகோணம் கல்லூரியில தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோட மாணவர், அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம்னு படிச்சதுக்குக் கணக்கே இல்லை. ஊருக்கு முன்சீப்பா வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போறார். என்ன படிச்சிருக்கீங்கன்னு கேக்கறார் முதலியார். இவர் பட்டியல் போடறார். முதலியார் அசரலை. அதுக்கெல்லாம் முந்தின பழைய நூல்கள் எதாவது படிச்சதுண்டா, சீவக சிந்தாமணி படிச்சதுண்டான்னு கேக்கறார். இல்லை. அந்த ஒரு கேள்வியில தமிழ் இலக்கிய வரலாறே திரும்பிச்சுன்னு சொன்னா மிகையில்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் பெருசா படுது. சிந்தாமணி ஏடு கைக்கு வருது. படிக்கறார். புரியலை. அவ்வளவு பெரிய படிப்பாளிக்கு, தமிழே உத்தியோகமா இருக்கற மனுஷனுக்குப் புரியலை. நாமளா இருந்தா என்ன பண்ணுவோம்? புரிஞ்ச மாதிரி தலையை ஆட்டிட்டு பாடம் நடத்திட்டுப் போவோம். அவர் கும்பகோணத்துச் சமணர்கள் வீட்டு வாசலுக்குப் போய், தனக்குத் தெரியலைன்னு உக்காந்தார். சந்திரநாத செட்டியார் மாதிரி ஆட்கள்கிட்ட சமயச் சொல் ஒவ்வொண்ணையும் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். அவருக்கு உதவின சமண அறிஞர்கள்ல வீடூர் அப்பாசாமி நயினார்னு ஒருத்தர் பேரும் வருது. வீடூர்! பாப்பா படிச்ச அதே ஊர்.

நச்சினார்க்கினியர் உரை இன்னொரு புதிர். அவர் நடுநடுவே மேற்கோள் காட்டுவார், பல இடத்துல எந்த நூல்னு பேர் சொல்ல மாட்டார். சாதாரண வாசகன் அதைத் தாண்டிப் போயிடுவான். இவர் ஒவ்வொரு வரிக்கும் "இது எந்த நூல்?"னு கேட்டுக் குறிச்சு வெச்சுக்கிட்டே போனார். பின்னாடி திருவாவடுதுறை மடத்துல பழைய சுவடிகளைப் புரட்டினப்போ, பேர் தெரியாத அந்த வரிகள் பத்துப்பாட்டுலயும் எட்டுத்தொகையிலயும் இருந்து எட்டிப் பார்க்குது. சிந்தாமணி 1887ல அச்சேறிச்சு. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. ஓரத்துல எழுதி வெச்ச அந்தக் கேள்விகள் இல்லேன்னா இந்த வரிசை இப்படி வந்திருக்குமான்னு சந்தேகம்தான். நன்னூல் கணக்குல சொன்னா, எல்லாமே சுத்தமான அறியாவினா, ஐயவினா.

இதைப் படிச்சுட்டு "அந்தக் காலம் பொற்காலம்"னு ஆரம்பிச்சுடாதீங்க. குருகுலத்துல கேள்வி கேக்க உரிமை இருந்துச்சுன்னா, அந்தத் திண்ணையில ஏற யாருக்கு உரிமை இருந்துச்சுன்னும் கேக்கணும் இல்லையா? என் பாட்டி கடைசி வரைக்கும் கைநாட்டு. சாதாரணத் திண்ணைப் பள்ளிக்கூடத்துலயும் அசை போடற பசு குறைச்சல், கிளிதான் அதிகம். 1822ல ஆளுநர் தாமஸ் மன்றோ உத்தரவு போட்டு, நம்ம தென்னாற்காடு உட்பட எல்லா மாவட்டத்துலயும் பள்ளிக்கூடக் கணக்கு எடுத்தாங்க. 1826ல தொகுத்தப்போ ராஜதானி முழுக்க 12,498 பள்ளிக்கூடம், 1,88,650 மாணவர்கள். கலெக்டர்கள் அனுப்பின அறிக்கையில பெல்லாரி கலெக்டர் கேம்பல் எழுதினது (1823) பிரபலம். பையன்கள் செய்யுள் செய்யுளா ஒப்பிக்கறாங்க, பொருள் கேட்டா கிளிக்குத் தெரிஞ்ச அளவுதான் தெரியுதுன்னு. அவர் சொன்னது தெலுங்கு, கன்னடப் பக்கத்தை. நம்ம பக்கம் மட்டும் வேறயா இருந்திருக்கும்னு நான் நம்பலை. ஆனா பவணந்தி சொன்ன அதே கிளி வெள்ளைக்காரர் வாயிலயும் வருது பாருங்க.

அப்புறம் அச்சுப் புத்தகம் வந்துச்சு, பொதுத் தேர்வு வந்துச்சு, பாடத்துக்குப் பின்னாடி கேள்வி வந்து உக்காந்துச்சு. அதுக்கு விடையோட கைடு வந்துச்சு. ஆறு வகையில மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு, அறிவினா. பதில் தெரிஞ்சவர், எதிராளிக்குத் தெரியுமான்னு பார்க்கக் கேக்கறது.

என் கதையையும் சொல்லிடறேன். ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம், ஆசிரியர் பேரெல்லாம் வேண்டாம். வரலாறு வகுப்பு, செஞ்சிக் கோட்டையை யார் யார் பிடிச்சாங்கன்னு வரிசை. விஜயநகரம், நாயக்கர், பீஜப்பூர், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சு, ஆங்கிலேயர். நான் எழுந்து, "சார், இவ்வளவு பேர் பிடிச்சிருக்காங்கன்னா அது எப்படி சார் பிடிக்க முடியாத கோட்டை?"ன்னு கேட்டேன். வகுப்பே சிரிச்சுது. அவர் நான் கிண்டல் பண்றேன்னு எடுத்துக்கிட்டார். புறங்கையில ஸ்கேல், அப்புறம் ஒரு பீரியட் வெளியே நின்னேன். வலி பெருசா இல்லை. ஆனா பன்னிரண்டாம் வகுப்பு முடியற வரைக்கும் நான் வகுப்புல ஒரு கேள்வியும் கேக்கலை. அவரைக் குத்தம் சொல்லவும் மனசு வரலை. அவருக்கும் யாரோ ஸ்கேல்ல அடிச்சிருப்பாங்க. (அந்தக் கேள்விக்கு நல்ல பதில் உண்டு. மராத்தியரான ராஜாராம் உள்ளே இருந்தப்போ முகலாயப் படைக்கு அதைப் பிடிக்க 1690ல இருந்து 1698 வரைக்கும் ஆச்சு. எட்டு வருஷம்! அன்னிக்கு ஒரு வாக்கியத்துல முடிஞ்சிருக்க வேண்டிய சமாச்சாரம்.)

அரசாங்கம் இதைச் சரி பண்ணப் பார்க்கலைன்னு சொல்ல முடியாது. 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆணையர் எம்.பி.விஜயகுமார் ஆரம்பிச்ச செயல்வழிக் கற்றல், ரிஷிவேலி அட்டைகளைப் பார்த்து உருவானது. 2007ல மாநிலம் முழுக்க வந்துச்சு. அதோட தம்பி மாதிரி ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்குப் படைப்பாற்றல் கல்வி. பிள்ளைங்களே பாடத்தைப் படிக்கணும், புரியாத சொல்லுக்கு அடிக்கோடு போடணும், மனவரைபடம் வரையணும், குழுவா தொகுக்கணும், கலந்து பேசணும். காகிதத்துல பார்த்தா பவணந்தியோட நாலு கால் கணக்குதான்.

விழுப்புரம் பக்கம் நடுநிலைப் பள்ளியில அப்போ வேலை பார்த்த நண்பர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். "முதல் ஒரு வருஷம் நெஜமாவே நல்லா இருந்துச்சுப்பா. பசங்க ஒருத்தனை ஒருத்தன் கேள்வி கேட்டு மடக்குவானுங்க. அப்புறம் பார்வைக்கு ஆள் வர்றாங்கன்னா மனவரைபடம் மாட்டியிருக்கான்னுதான் பார்த்தாங்க. நாங்க போர்டுல வரைஞ்சு போட ஆரம்பிச்சோம், பசங்க அதைப் பார்த்து வரைஞ்சானுங்க"ன்னார். அப்புறம் கொஞ்சம் சும்மா இருந்துட்டு, "மனவரைபடத்தையும் காப்பி அடிக்க முடியும்னு அப்பதான் தெரிஞ்சுது"ன்னார்.

அந்தக் காலகட்டத்துலதான் பிசா தேர்வும் வந்துச்சு. 2009 சுற்றுல இந்தியாவுல இருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் கலந்துக்கிட்டாங்க. 15 வயசுப் பிள்ளைங்க. வாசிப்புல தமிழ்நாட்டுக்கு 337 மதிப்பெண், 74ல 72ஆவது இடம். அடிப்படை நிலையைத் தொட்டவங்க 17 சதவீதம். அந்தத் தேர்வுல கேக்கறது மனப்பாடம் இல்லை. ஒரு துண்டுச் செய்தியைக் குடுத்து, எழுதினவர் இதை ஏன் சொல்றார், எதைச் சொல்லாம விட்டார்னு கேப்பாங்க. கேள்வித்தாள் நம்ம பிள்ளைங்களுக்குப் பொருத்தமில்லைன்னு நிறையப் பேசினாங்க, அடுத்த சுற்றுகள்ல இந்தியா கலந்துக்கலை. எனக்கு அந்த 72 பெருசாத் தெரியலை. 17தான் உறுத்துது. மீதி 83 பேரும் பாப்பா மாதிரி தடங்கல் இல்லாமத்தான் வாசிச்சிருப்பாங்கன்னு தோணுது.

கொரோனாவுக்கு அப்புறம் 2021 அக்டோபர் 27ல இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதல்வர் தொடங்கி வெச்சது நம்ம மாவட்டத்துலதான், மரக்காணம் பக்கத்துல முதலியார்குப்பத்துல. சாயங்காலத்துல தெருவுலயே பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக் குடுக்கற மாதிரி ஏற்பாடு. எங்க தெரு தன்னார்வலர் ஒரு நாள் பிள்ளைங்களுக்குக் கதை படிச்சுக் காட்டிட்டு, பாதியில புத்தகத்தை மூடி வெச்சு, "இப்ப நீங்க கேளுங்க"ன்னு சொன்னதைத் திண்ணையில இருந்து பார்த்திருக்கேன். கத்தல் தாங்க முடியலை. அதுக்கெல்லாம் அந்தப் பொண்ணு நன்னூல் படிச்சிருக்கணும்னு இல்லை.

சரி, பாப்பாவுக்கு வரேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு பேப்பர் செய்தி. படிச்சு முடிச்சதும் அந்த ஆறு பேரையும் ஒரு அட்டையில எழுதி முன்னாடி வெச்சேன். ஆனா எனக்கு மூணுதான் முக்கியம். உனக்குப் பதில் தெரிஞ்ச கேள்வி ஒண்ணு. தெரியாத கேள்வி ஒண்ணு. இதுவா அதுவான்னு சந்தேகமா ஒண்ணு. முதல் ரெண்டு வாரம் எல்லாமே "அணையின் கொள்ளளவு எவ்வளவு?" ரகம். நான் விடாம, "இது உனக்கே தெரியுமே, தெரியாததைக் கேளு"ன்னேன். அவளுக்குக் கோவமே வந்துச்சு. "தெரியாததை எப்படி மாமா கேக்கறது?" நியாயமான கேள்வி. அதனால முதல்ல நான் செஞ்சு காட்டினேன். படிச்சுக்கிட்டே போய், எனக்குப் புரியாத இடத்துல நிறுத்தி, புரியலைன்னு வாய் விட்டுச் சொன்னேன். பெரியவங்களுக்கும் புரியாம போகும்ங்கிறதை அவ கொஞ்சம் அதிர்ச்சியோடதான் பார்த்தா.

மூணாவது வாரம் பழைய வீடூர் செய்தியையே எடுத்துக் குடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தா. "மாமா, அணை நம்ம மாவட்டத்துல இருக்கு. 1,000 ஏக்கருக்குத் தண்ணி ஏன் புதுச்சேரிக்குப் போகுது? நம்ம குடுக்கறதா, அவங்க கேட்டு வாங்கறதா?"

மேப்பை எடுத்தோம். சங்கராபரணி ஆறு செஞ்சிப் பக்கத்துல இருந்து வந்து, வீடூர்ல அணையில நின்னு, அப்படியே புதுச்சேரிப் பக்கம் போய்க் கடல்ல விழுது. விரலாலயே ஆத்தோட போனா. வில்லியனூர் கிட்ட விரலை நிறுத்திட்டு, "அப்ப அணை கட்டறதுக்கு முன்னாடி முழுத் தண்ணியும் இவங்களுக்குத்தான் போயிருக்கும், இல்லையா?"ன்னா. நான் அந்தப் பக்கம் யோசிச்சதே இல்லை.

"அணை கட்டினது எந்த வருஷம்னு நினைக்கறே?"ன்னு கேட்டேன். பதில் சொல்லாம என் மூஞ்சியையே பார்த்தா.

"மாமா, இது நீங்க தெரிஞ்சுக்கிட்டே கேக்கறீங்களா, தெரியாம கேக்கறீங்களா?"